இன்சியானிலிருந்து ஒரு நாய்க்குத் துணையாக: பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்கொரியாவில் மீட்கப்படும் நாய்களில் ஒரு பகுதி அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள குடும்பங்களுக்குத் தத்துப் போகின்றன. அவற்றைத் தனியாக விமானத்தில் அனுப்ப வழி உண்டு, ஆனால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் சியோலுக்கு அருகிலுள்ள இன்சியான் விமான நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு எப்படியும் போகப்போகிற ஒரு பயணியைப் பிடித்து, அவருடைய டிக்கெட்டோடு நாயைச் சேர்த்து மீட்பு அமைப்புகள் அனுப்புகின்றன. அவரைத்தான் இங்கே துணைப் பயணி என்கிறேன். கொரியாவில் படிக்கிற, ஆராய்ச்சி செய்கிற, வேலை பார்க்கிற தமிழர்களும், வட அமெரிக்காவிலிருந்து சியோலைச் சுற்றிப்பார்க்க வருகிற நம்மவர்களும் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

துணைப் பயணி உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

வழக்கத்தைவிடச் சீக்கிரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். செக்-இன் செய்யும்போது நாயும் உங்களோடு பதிவாகும். இறங்கிய ஊரில் கூண்டை வாங்கி, சுங்கத்தில் காகிதங்களைக் காட்டி, வெளியே காத்திருப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். வழியில் சோறு போடுவது, நடக்க விடுவது, குளிப்பாட்டுவது எதுவும் உங்கள் வேலை இல்லை. நேரடி விமானத்தில் நாய் உங்கள் பொறுப்பில் இருக்கிற நேரம், பறக்கிற நேரத்தைக் கழித்தால், இரண்டு மூன்று மணி நேரம்தான்.

நாயைச் சரக்காக அனுப்பிவிடலாமே? எதற்கு ஒரு ஆள்?

பணம்தான் காரணம். பயணியோடு போகும் நாய்க்கு விமான நிறுவனம் கூடுதல் பெட்டிக்கு வாங்குவதுபோல ஒரு கட்டணம் வாங்குகிறது. ஆள் இல்லாமல் சரக்குப் பிரிவில் போனால் எடையையும் கூண்டின் அளவையும் கணக்கிட்டு வாங்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஏஜென்ட், கிடங்குக் கட்டணம் என்று மேலே மேலே ஏறும். 20 கிலோ நாய் ஒன்றுக்கு இந்த வித்தியாசம் பல மடங்கு. நன்கொடையை நம்பி ஓடுகிற அமைப்புகளால் அதைத் தாங்க முடிவதில்லை.

தத்தெடுக்கக் குடும்பம் தயார், தடுப்பூசி போட்டாயிற்று, காகிதங்கள் கையில் இருக்கின்றன, ஆனால் அந்த ஊருக்குப் போகிற பயணி கிடைக்கவில்லை என்பதற்காகவே மாதக்கணக்கில் காப்பகத்தில் கிடக்கிற நாய்கள் உண்டு. நீங்கள் கொடுப்பது ஒரு டிக்கெட்டில் இருக்கும் உங்கள் பெயர். அதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

கொரியாவிலேயே இந்த நாய்களுக்கு வீடு கிடைக்காதா? ஏன் கடல் கடந்து அனுப்ப வேண்டும்?

நியாயமான கேள்வி. கொரியாவில் நாய் வளர்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் வசிப்பது அடுக்குமாடிக் குடியிருப்புகளில். அவர்கள் தேடுவது மால்டீஸ், பூடில், பொமரேனியன் போன்ற குட்டி நாய்களை. காப்பகங்களிலோ நடுத்தர அளவிலும் பெரிய அளவிலும் உள்ள கலப்பின நாய்கள்தான் அதிகம். ஜிண்டோ என்பது தென்மேற்கே உள்ள ஜிண்டோ தீவின் பெயர் கொண்ட நாட்டு நாய். கொரிய அரசு அதை 53-ஆம் எண் இயற்கைச் சின்னமாக அறிவித்துப் போற்றுகிறது. அதே ஜிண்டோவின் கலப்பில் பிறந்தவை காப்பகக் கூண்டுகளில் நிறைந்து கிடக்கின்றன. கிராமத்தில் காவலுக்கென்று சங்கிலியில் கட்டிவைத்த நாய், அது போட்ட குட்டிகள், கைவிடப்பட்டவை எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன.

ஊராட்சி, நகராட்சி நடத்தும் காப்பகத்துக்கு ஒரு நாய் வந்தால் அதைப் பற்றி அறிவிப்பு வெளியிடுவார்கள். 10 நாட்களில் உரியவர் வரவில்லை என்றால் அது உள்ளாட்சிக்குச் சொந்தமாகிவிடும். அதற்குப் பிறகு கருணைக்கொலை செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. தன்னார்வலர்கள் அந்தக் கெடு முடிவதற்குள் நாயை வெளியே எடுக்கப் பார்க்கிறார்கள்.

இறைச்சிப் பண்ணைகளிலிருந்து வருகிற நாய்களும் உண்டு. 2024 ஜனவரி 9 அன்று கொரிய நாடாளுமன்றம் இறைச்சிக்காக நாய் வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடை செய்யும் சட்டத்தை ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேற்றியது. மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்து, 2027 பிப்ரவரி முதல் தண்டனை உண்டு என்றார்கள். இறைச்சிக்காகக் கொன்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 கோடி வான் வரை அபராதம். சட்டம் வந்த சமயத்தில் பண்ணைகளில் இருந்த நாய்கள் ஐந்து லட்சத்தை ஒட்டி என்பது அரசின் கணக்கு. அத்தனைக்கும் உள்ளூரில் வீடு தேடுவது நடக்கிற காரியமா? வெளிநாட்டுக்கு அனுப்புவதாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. போகிற நாய்கள் மிகச் சிலதான். உள்ளூரில் கருத்தடையும் உள்ளூர்த் தத்தும்தான் முதல் வேலை என்று இந்த அமைப்புகளே சொல்கின்றன, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வான்கூவரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்றால் அந்த ஒரு நாயைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை.

செலவு யாருடையது?

முழுக்க அமைப்பினுடையது. நாயின் விமானக் கட்டணம், கூண்டு, தடுப்பூசி, சான்றிதழ், இறங்கும் நாட்டில் கட்டும் ஆய்வுக் கட்டணம் எதையும் நீங்கள் கையிலிருந்து போடக் கூடாது. கவுண்டரில் அமைப்பின் ஆள் கூடவே நின்று அவருடைய கார்டில் கட்டுவார். உங்கள் டிக்கெட்டுக்குப் பொதுவாக யாரும் பணம் தருவதில்லை. நீங்களும் இதற்கென்று கூலி வாங்காதீர்கள். வாங்கிய நிமிடமே இது தன்னார்வம் என்பது போய் வேலை ஆகிவிடும். விசாவில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லாத சிக்கல்.

“முன்பணம் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்” என்று ஒரு அமைப்பு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவர் கொடுப்பதை விமானத்தில் எடுத்துப் போகக் கூடாது என்பார்களே. நாயை வைத்துக் கடத்தல் நடக்காதா?

வீட்டில் அம்மா அப்பா கேட்கும் முதல் கேள்வி இதுதான். சரியான பயம்தான், தட்டிக்கழிக்க மாட்டேன். 2005-இல் கொலம்பியாவில் ஒரு பண்ணையில் போலீஸ் சோதனை போட்டபோது, நாய்க்குட்டிகளின் வயிற்றைக் கீறித் திரவ ஹெராயின் பைகளை உள்ளே வைத்துத் தைத்திருந்தது தெரியவந்தது. அமெரிக்காவுக்குக் கடத்துவதற்காகச் செய்த வேலை. அதில் ஈடுபட்ட கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னாளில் அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் பதிவான தொண்டு நிறுவனமா என்பதை அங்குள்ள வருமான வரித் துறையின் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். கனடாவில் வருவாய் முகமை பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. கொரியப் பக்கத்தில் நாயை வைத்திருப்பவர் யார், எதிர்ப் பக்கத்தில் அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளப்போகிறவர் யார் என்று இரண்டு பேரிடமும் வீடியோ அழைப்பில் பேசுங்கள். இதற்கு முன் துணைப் பயணியாகப் போன ஒருவரின் எண்ணைக் கேளுங்கள். நல்ல அமைப்பு இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது, நீங்கள் கேட்பதற்கு முன்பே கொடுக்கும்.

இன்னொன்று, நாய், கூண்டு, அதன் காகித உறை தவிர வேறெதையும் வாங்காதீர்கள். “அப்படியே இந்தப் பையையும் கொடுத்துவிடுங்கள்” என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பை நிறைய நாய் பிஸ்கட் மட்டும்தான் என்றாலும் இதே பதில்தான்.

பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள், விமான நிலையத்தில் நாயின் காகிதங்களைச் சரிபார்க்கும் விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகத்துக்குத் தேவைப்படும். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதிக்கு என்று எழுதிக் கொடுங்கள்.

அமெரிக்காவுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும்?

2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி புது விதிகளைக் கொண்டுவந்தது. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் நாய்க்கு 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும், தோலுக்கடியில் அடையாள எண்ணோடு வைக்கும் மைக்ரோசிப் இருக்க வேண்டும், பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். இணையத்தில் சிடிசியின் நாய் இறக்குமதிப் படிவத்தை நிரப்பினால் ஒரு ரசீது வரும். கட்டணம் கிடையாது. ஒவ்வொரு நாய்க்கும் தனிப் படிவம். ரசீதை விமானம் ஏறும் முன்பும் காட்ட வேண்டும், இறங்கியதும் காட்ட வேண்டும். தென்கொரியா நாய் மூலம் ரேபீஸ் என்கிற வெறிநோய் பரவும் அதிக ஆபத்து நாடுகளின் பட்டியலில் இல்லை என்பதால் சிடிசியைப் பொறுத்தவரை இதோடு வேலை முடிந்தது.

ஆனால் தத்துக்குப் போகிற நாய் என்றால் வேளாண்மைத் துறையும் உள்ளே வரும். சட்டத்தின் கண்ணில் தத்துக்கு ஒப்படைப்பதும் விற்பனையோடு சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது. அதனால் அந்தத் துறையின் இறக்குமதி அனுமதி, மருத்துவரின் உடல்நலச் சான்று, ரேபீஸ் தடுப்பூசிச் சான்று, டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்களுக்கான தடுப்பூசி விவரம் எல்லாம் உறைக்குள் இருக்க வேண்டும். கொரியாவில் 2019 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பதால், அந்தக் கிருமி நாயோடு ஒட்டிக்கொண்டு போகாமலிருக்க இன்னும் ஒரு நிபந்தனை: கூண்டில் வைக்கோல், மரத்தூள் போடக் கூடாது. விரித்த துணியையும் பஞ்சு விரிப்பையும் இறங்கிய பின் முறையாக அப்புறப்படுத்த வேண்டும், நாயை 2 நாளுக்குள் குளிப்பாட்ட வேண்டும். குளிப்பாட்டுவது வாங்குகிறவர் பாடு. கூண்டுக்குள் இறைச்சித் தின்பண்டம் எதுவும் இல்லாமல் பார்ப்பது மட்டும் உங்கள் பாடு.

இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. ஆனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றின் படங்களையும் கேட்டு வாங்கி, மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறினாலும் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள்.

கனடாவுக்கு?

கனடிய உணவு ஆய்வு முகமை நாய்களைச் சொந்தச் செல்லப்பிராணி, வணிக நோக்கில் வருபவை என்று பிரிக்கிறது. மீட்பு, தத்து, தற்காலிக வளர்ப்பு எல்லாமே அவர்கள் கணக்கில் வணிகம்தான். வணிகம் என்று பெயர் வந்துவிட்டதே என்று பதறாதீர்கள், லாப நோக்கம் என்று அர்த்தமில்லை. அந்தப் பிரிவில் 8 மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும். அதனால் பல அமைப்புகள் 8 மாதம் தாண்டிய நாய்களையே கனடாவுக்கு அனுப்புகின்றன. ரேபீஸ் சான்றிதழ் கட்டாயம். விமான நிலையத்தில் எல்லைக் காவலர்கள் நாயையும் காகிதங்களையும் பார்த்துவிட்டு ஆய்வுக் கட்டணம் வாங்குவார்கள். முதல் நாய்க்கு 30 கனடிய டாலருக்குச் சற்று மேல் வரும், கூடவே வரி. இந்தப் பணத்தைப் புறப்படும் முன்பே அமைப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கத்தில் “இது உங்கள் நாயா?” என்று கேட்டால் என்ன சொல்வது?

இல்லை என்று சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். “இது ஒரு மீட்பு அமைப்பின் நாய். தத்துக்குப் போகிறது. நான் துணைக்கு வந்த தன்னார்வலர். நாயைப் பெற்றுக்கொள்கிறவர் வெளியே நிற்கிறார், இதோ காகிதங்கள்.” இவ்வளவுதான் பதில். இதைத் தயங்காமல் சொல்லக்கூடிய அளவுக்குக் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். இல்லை என்றால் அந்த நாயோடு விமானம் ஏறாதீர்கள்.

சில இடங்களில், “சொந்த நாய் என்று சொல்லிவிடுங்கள், சீக்கிரம் விட்டுவிடுவார்கள்” என்று சொல்லித்தருகிறார்கள். சொந்த நாய்க்கான விதிகள் எளிது என்பதால் வருகிற ஆசை இது. கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் எல்லையில் பொய் சொன்னவர் என்று பதிவாகப்போவது உங்கள் பெயர், அமைப்பின் பெயர் அல்ல. மாணவர் விசா, வேலை விசா, நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்றில் நிற்கிற நம்மவர்களுக்கு அந்த ஒரு வரி எத்தனை ஆண்டு தொல்லை தரும் என்று சொல்லத் தேவையில்லை. நாய்க்கும் அது நல்லதல்ல. பொய் வெளிப்பட்டால் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். அடுத்த முறை அந்த அமைப்பின் எந்த நாய் வந்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

விதியை மதித்து, காகிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து அனுப்புகிற அமைப்புகள் இருக்கின்றன. பொய் சொல்லச் சொல்கிறவர்கள் அந்த உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். அவர்களுக்குத் துணை போகாதீர்கள்.

புறப்படும் நாள் எப்படி இருக்கும்?

விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு இன்சியானில் இருங்கள். அமைப்பின் ஆட்கள் நாயை வேனில் கொண்டுவருவார்கள். உள்ளே நுழையும் முன் வெளியே புல்லில் ஒரு நடை நடக்கவிட்டு, நீர் கழிக்க வைத்து, கூண்டில் ஏற்றுவார்கள். விமான நிலையத்திலேயே விலங்கு தனிமைப்படுத்தல் அலுவலகம் இருக்கிறது. அங்கே காகிதங்களைச் சரிபார்த்து ஏற்றுமதிச் சான்றிதழ் கொடுப்பார்கள். மைக்ரோசிப் படிக்கும் கருவியை நாயின் தோள்பட்டைக்கு மேல் நகர்த்துவார்கள், பீப் என்று சத்தம் வந்து எண் தெரியும். அந்த எண்ணை நீங்களும் உறையிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு செக்-இன். கூண்டோடு நாயை எடை போடுவார்கள். எந்த நாய், எவ்வளவு எடை, கூண்டின் நீள அகலம் என்ன என்று விமான நிறுவனத்திடம் முன்பே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஒரு விமானத்துக்கு இத்தனை விலங்குதான் என்று வரம்பு உண்டு, நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. ஒப்புதல் தாளில் உங்கள் கையெழுத்து வாங்குவார்கள்.

கூண்டின் நான்கு மூலையிலும் கதவிலும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குவார்கள். அதை நீங்கள் கையால் இழுத்துப் பாருங்கள். போல்ட் எல்லாம் உலோகத்தில் இருக்கிறதா, தண்ணீர்க் கிண்ணம் கதவில் மாட்டியிருக்கிறதா, அடியில் நீர் உறிஞ்சும் விரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாய் உள்ளே தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க முடிய வேண்டும். விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விலங்கு விதிகள் சொல்வது இதைத்தான். கூண்டின் மேல் நாயின் பெயரும் வாங்குகிறவரின் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருக்கட்டும்.

நீங்கள் பாதுகாப்புச் சோதனை தாண்டிப் போன பிறகும் விமானம் கிளம்பும் வரை அமைப்பின் ஆள் நிலையத்திலேயே இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ரத்தானால் நாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

விமானத்தில் நாய் எங்கே இருக்கும்? அதற்கு ஒன்றும் ஆகாதா?

கூண்டோடு சேர்த்து 7 கிலோவுக்குள் இருக்கிற குட்டி நாய் என்றால் பெரும்பாலும் உங்கள் முன் இருக்கைக்கு அடியில் பையில் இருக்கும். மற்றவை கீழ்த்தளத்தில், காற்றழுத்தமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் இருக்கும். விலங்கு ஏறியிருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தகவல் போகும். உங்கள் மனசு கேட்கவில்லை என்றால் இருக்கையில் உட்கார்ந்ததும் பணியாளரிடம், கீழே ஒரு நாய் இருக்கிறது, ஏறிவிட்டதா என்று கேட்கலாம். அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

மயக்க மருந்து கொடுக்கவே கூடாது. உயரத்தில் மயக்க மருந்து மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்திவிடும், தள்ளாடுகிற நாய் கூண்டுக்குள் நிலைகொள்ள முடியாமல் விழும். மருந்து கொடுத்ததாகத் தெரிந்தால் விமான நிறுவனமும் ஏற்றாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் ஆபத்து அதிகம் என்பதால் பல நிறுவனங்கள் அவற்றைக் கீழ்த்தளத்தில் ஏற்றுவதில்லை.

வான்கூவர் சுமார் 10 மணி நேரம், லாஸ் ஏஞ்சலிஸ் 11, டொராண்டோ 13, நியூயார்க் 14. பெரும்பாலான நாய்கள் முதலில் பதற்றப்பட்டாலும் இருட்டிலும் என்ஜின் சத்தத்திலும் அடங்கிப் படுத்துவிடுகின்றன. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆரோக்கியமான, கூண்டுக்குப் பழக்கப்படுத்திய நாய்க்கு அது மிகக் குறைவு. கூண்டுப் பழக்கம் கொடுத்தீர்களா என்று அமைப்பிடம் கேளுங்கள். சில வாரமாவது கூண்டிலேயே சாப்பிட்டுத் தூங்கியிருக்க வேண்டும்.

இறங்கிய பிறகு?

குடிநுழைவு முடிந்ததும் பெட்டிகள் வரும் இடத்துக்குப் போங்கள். கூண்டு சுழலும் பட்டையில் வராது. அளவில் பெரிய பொருட்கள் வரும் தனிக் கதவு வழியாக ஊழியர் தள்ளிக்கொண்டு வருவார். பெரிய தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தூக்க உதவிக்கு ஆள் கேட்கத் தயங்காதீர்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் நாய் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு உங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். சில சமயம் விரிப்பு நனைந்திருக்கும், நாற்றம் வரும். பாவமாக இருக்கும். கம்பி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், மெதுவாகப் பேசுங்கள். கதவை மட்டும் திறக்காதீர்கள். சுங்க அதிகாரி கேட்டாலொழிய, அதுவும் மூடிய அறைக்குள் ஒழிய, திறக்கவே கூடாது. நீண்ட பயணத்தில் மிரண்டிருக்கும் நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். ஓடினால் அது எந்த மொழிக்கும் எந்தப் பெயருக்கும் திரும்பாது. விமான நிலையத்தைச் சுற்றி நெடுஞ்சாலைகள். தத்தெடுக்கிற குடும்பத்தின் குழந்தை வெளியே ஓடிவந்து, கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாலும், கையெழுத்து வாங்கி ஒப்படைத்த பிறகும்கூட, வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு திறக்கச் சொல்லுங்கள். கண்டிப்பாகப் பேசுவதுபோல் தோன்றினாலும் பரவாயில்லை.

எனக்கு நாய் வளர்த்துப் பழக்கமே இல்லை. கொஞ்சம் பயமும் உண்டு. போகலாமா?

தாராளமாக. நாயை நீங்கள் தொடக்கூட வேண்டியிருக்காது. ஒவ்வாமை இருந்தால் குட்டி நாயைக் கேபினில் எடுப்பதை மட்டும் தவிருங்கள்.

சென்னையிலிருந்து அமெரிக்கா போகிறேன். இன்சியானில் விமானம் மாறுகிறேன். அங்கே நாயை வாங்கிக்கொள்ளலாமா?

முடியாது. விமானம் மாறுகிறவர்கள் உள்பகுதியிலேயே இருப்பார்கள், நாயை வெளியே உள்ள கவுண்டரில்தான் பதிவு செய்ய முடியும். கொரியாவுக்குள் நுழைந்து, இன்சியானில் புதிதாகச் செக்-இன் செய்கிற பயணம் இருந்தால் மட்டுமே இது சாத்தியம். இறங்கிய நாட்டில் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருந்தாலும் அமைப்புகள் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். முதலில் இறங்கும் ஊரிலேயே நாயைச் சுங்கத்தில் காட்டி மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குள் அடுத்த விமானம் போய்விடும்.

நம்ம ஊர்த் தெருநாயை இப்படி அனுப்ப முடியுமா? சென்னையிலிருந்து, கொழும்பிலிருந்து?

கனடாவுக்கு முடியாது. ரேபீஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து வணிகப் பிரிவில் நாய்கள் வருவதை 2022 செப்டம்பர் 28 முதல் கனடா நிறுத்திவிட்டது. இந்தியா, இலங்கை இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. தாய்லாந்தும் உண்டு. புக்கெட்டில் 2003 முதல் இயங்கும் சோய் டாக் அறக்கட்டளை போன்ற பெரிய அமைப்புக்கே அந்தக் கதவு மூடியது.

அமெரிக்காவுக்கு வழி இருக்கிறது, ஆனால் நீளமானது. இந்தியா சிடிசியின் அதிக ஆபத்துப் பட்டியலில் இருப்பதால், இங்கே தடுப்பூசி போட்ட நாய்க்கு அரசு கால்நடை அதிகாரி உறுதிசெய்த சான்று வேண்டும். சிடிசி பதிவு செய்த விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவு செய்து, அந்த நிலையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு என்று காட்டாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்தல். செலவை நினைத்துப் பாருங்கள். நம்ம ஊர் நாய்க்கு அந்தப் பணத்தில் எத்தனை கருத்தடை, எத்தனை தடுப்பூசி போடலாம் என்று யோசிக்கிறவள் நான். நீங்களே வளர்த்த நாயைக் கூட்டிப்போவது வேறு விஷயம், அதற்கு எவ்வளவு செலவானாலும் விட்டுவிட்டுப் போகச் சொல்ல மாட்டேன்.

ஒரே பயணத்தில் எத்தனை நாய்?

நிறுவனத்தைப் பொறுத்தது. முதல் முறை என்றால் ஒன்று போதும். இரண்டு கூண்டும் உங்கள் பெட்டிகளும் இருந்தால் இரண்டு தள்ளுவண்டி ஆகும், ஒரு ஆளால் தள்ள முடியாது.

ஒப்படைத்த பிறகு அந்த நாயைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியுமா?

கேட்டால் படம் அனுப்புவார்கள். குடும்பங்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே அனுப்புகின்றன. முதல் வாரத்துப் படங்களில் நாய் சோபாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும், சாப்பிட மறுக்கும். அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். பண்ணையிலிருந்து வந்த நாய்க்கு மாடிப்படியும் கண்ணாடிக் கதவும் தொலைக்காட்சிச் சத்தமும் புதிது, பழக மாதங்கள் ஆகலாம்.

டிக்கெட் போட்டாயிற்று. எப்போது, என்ன சொல்ல வேண்டும்?

பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பாவது சொல்லுங்கள். நேரடி விமானமா, எந்த நிறுவனம், விமான எண், தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், முன்பதிவு எண் இவ்வளவும் போதும். வேறொரு நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்ட டிக்கெட் என்றால் உண்மையில் பறக்கிற நிறுவனம் எது என்பதையும் குறிப்பிடுங்கள், நாய்க்கு இடம் கொடுப்பது அவர்கள்தான். தேதி மாற வாய்ப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடல்நலச் சான்று குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் செல்லும், பயணம் தள்ளிப்போனால் மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும்.